தென்னாட்டு வைத்தியர்களின் பயிற்சி மரபுகள்

ஊருக்குப் புதிதாக வந்து பலகை மாட்டும் வைத்தியரைப் பற்றி நம்மவர் விசாரிப்பது இரண்டே விஷயங்கள். என்ன படித்தவர் என்பது ஒன்று. அதற்குப் பலகையே பதில் சொல்லிவிடும். யாரிடம் வேலை பார்த்தவர் என்பது மற்றொன்று; அதற்கு விவரம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தென்னாட்டில் மேனாட்டு வைத்தியம் வேரூன்றிய வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்குமிடத்து, பலகையில் உள்ள எழுத்துக்கள் பெரும்பாலும் வைத்தியரின் உத்தியோகத்தையும் சம்பளத்தையுமே நிர்ணயித்தன என்பதும், அவருடைய கையின் தரத்தை நிர்ணயித்தது அவர் எந்த வார்டில் எந்த ஆசானுக்குப் பின்னால் நடந்தார் என்பதே என்பதும் விளங்கும்.

சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி 1664இல் கோட்டைக்குள் சோல்ஜர்களுக்காகத் தோன்றியது. 1772இல் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. அதனை ஒட்டி 1835இல் வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டபோது, நிபுணர்களை உண்டாக்குவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. பட்டாளங்களுக்கு மருந்து கொடுக்கும் அபோதிகரிகளும் புண் கட்டும் டிரெஸ்ஸர்களும் தேவைப்பட்டனர். அவர்களைத் தயார் செய்து கொடுப்பதே அதன் பணி. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அபோதிகரி வேலைக்கும், இந்தியர் அதனினும் தாழ்ந்த டிரெஸ்ஸர் வேலைக்கும் என்று வாசலிலேயே வழி பிரிந்தது. 1850இல் பள்ளி கல்லூரியாயிற்று. 1857இல் சர்வகலாசாலை தோன்றியபின் எல்.எம்.எஸ்., எம்.பி.சி.எம். முதலிய பட்டங்கள் வந்தன. ஆயினும் உயர் பதவிகளுக்கு வழி வேறு. லண்டனில் நடந்த பரீட்சையில் தேறி இந்தியன் மெடிகல் சர்வீஸில் சேர்ந்தவர்க்கே ஜில்லா சர்ஜன் நாற்காலியும் கல்லூரிப் பேராசிரியர் நாற்காலியும் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தன. எத்தனை கெட்டிக்காரராயினும் சென்னைப் பட்டதாரி அஸிஸ்டெண்ட் சர்ஜனாகவே தலை நரைக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டை நியாயம் என்று இன்று யாரும் வாதாடார்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், முற்றிலும் வேறான ஒரு மரபு வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஸாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து, அடுத்த ஆண்டே சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் கற்பிக்கலானார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். மாணாக்கர் எல்லோரும் இதனை மகிழ்ந்து வரவேற்றனர் என்று சொல்லிவிட இயலாது. ஆங்கிலத்தில் படித்தால் சர்க்கார் உத்தியோகம் கிடைக்கும், தமிழில் படித்தால் கிராமத்தில்தான் இருக்க வேண்டும். கிறீனுடைய எண்ணமோ அவர்கள் கிராமத்தில் இருக்க வேண்டும் என்பதே. பாடம் சொல்ல நூல் இல்லாத குறையைத் தாமும் தம் மாணாக்கருமாக மொழிபெயர்த்தே தீர்த்தார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', பின்னர் இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்', உடலியலுக்கு 'மனுஷ சுகரணம்' என வரிசையாக வந்த இந்நூல்களின் நடை இன்று நமக்குச் சற்றுக் கரடுமுரடாகத் தோன்றினும், அறுவைக்கத்தி பிடிக்கும் ஒருவனுக்கு வேண்டிய துல்லியம் அதில் இருக்கிறது. 1873இல் அவர் தாயகம் திரும்பியபோது, அவரிடம் பயின்று வெளியேறிய தமிழ் வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டிருந்தனர். அவர்களுடைய பெயருக்குப் பின்னால் எந்தச் சர்வகலாசாலையின் எழுத்தும் கிடையாது. 'கிறீன் துரையிடம் படித்தவர்' என்பதே யாழ்ப்பாணத்தில் போதுமான சான்றாக இருந்தது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் தமிழில் வைத்தியம் கற்பிக்க முடியுமா என்று கமிட்டிகள் கூடும்போதெல்லாம், மானிப்பாயை நினைப்பவர் ஒருவரேனும் அங்கு உண்டா என்ற சந்தேகம் எனக்கு எழுவதுண்டு.

பெண்களுக்கு வாசல் திறந்த கதை பலரும் அறிந்ததாதலின் சுருக்கமாகவே சொல்லலாம். மேரி ஷார்லீப் அம்மையாரும் வேறு மூவரும் 1875இல் சென்னைக் கல்லூரியில் சேர்ந்தனர். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் பட்டம் பெற்றார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்றே ஒரு வைத்தியப் பள்ளி தொடங்க முன்வந்தபோது, பெண்கள் தேறுவார்கள் என்று அதிகாரிகள் நம்பவில்லை; முதல் ஆண்டுப் பரீட்சையில் மாகாணத்து ஆண் மாணாக்கரிற் பெரும்பாலோர் தவறியிருக்க, வேலூரிலிருந்து எழுதச் சென்ற பெண்கள் அனைவரும் தேறி வந்தனர்.

வேலூர்ப் பள்ளி முதலில் அளித்தது எம்.பி.பி.எஸ். பட்டம் அன்று, எல்.எம்.பி. என்னும் லைசென்ஸே. ராயபுரத்துப் பள்ளியும் அவ்வாறே. அதுவே 1938இல் ஸ்டான்லி கல்லூரியாக உயர்ந்தது. தாலுகா ஆஸ்பத்திரிகளையும் கிராமத்து டிஸ்பென்ஸரிகளையும் அக்காலத்தில் தாங்கி நின்றவர் எல்.எம்.பி.க்களே. மாட்டுவண்டியில் இரவில் போய்ப் பிரசவம் பார்த்தவரும், காலராக் காலத்தில் வீதி வீதியாக அலைந்தவரும் அவர்களுள்ளேயே அதிகம். ஆயினும் 1933இல் இந்தியன் மெடிகல் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டபோது லைசென்ஸியேட்டுகளை அதன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, பிரசவ சிகிச்சைப் பயிற்சி போதாது என்பதைக் காரணம் காட்டி இங்கிலாந்தின் ஜெனரல் மெடிகல் கவுன்சில் நம் நாட்டுப் பட்டங்களுக்கு அளித்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டதனால் பொங்கி எழுந்த பட்டதாரிகள், தமக்குக் கீழிருந்த சகோதரருக்கு அதே அவமதிப்பு நேர்ந்தபோது அவ்வளவு வேகத்துடன் எழவில்லை. 1946இல் வெளிவந்த, போர் என்பவர் தலைமையில் அமைந்த கமிட்டியின் அறிக்கை லைசென்ஸ் படிப்பை அறவே எடுத்துவிட்டு, நாடு முழுமைக்கும் ஒரே தரமான வைத்தியரை உண்டாக்க வேண்டும் என்று கூறிற்று. ஒரே தரம் வந்தது உண்மையே. கிராமத்துக்குப் போகும் வைத்தியர் குறைந்துபோனதும் உண்மையே. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சாதிப்பதற்கு நிரம்பத் துணிவு வேண்டும்.

இனி நிபுணர் விஷயத்துக்கு வருவோம். தனியோர் உறுப்புக்கென்றே வைத்தியர் என்ற முறை நம் நாட்டில் முதன்முதல் நிலைபெற்றது கண் சிகிச்சையிலேயாகும். பிற்காலத்தில் மூர்ஃபீல்ட்ஸ் என்று புகழ்பெற்ற லண்டன் கண் ஆஸ்பத்திரியில் பயின்ற ரிச்சர்ட்ஸன் என்பவரை அனுப்பி, 1819இல் சென்னையில் கண் சிகிச்சை நிலையம் ஒன்றைக் கம்பெனியார் ஏற்படுத்தினர். எழும்பூருக்கு அது வந்தது 1884இல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராயிருந்த எலியட், கண்ணினுள் நீரழுத்தம் மிகுந்து பார்வை கெடும் நோய்க்குக் கருவிழியின் விளிம்பில் நுண்ணிய வட்டத்துளை இட்டு அந்நீருக்கு வடிகால் காணும் சிகிச்சையை 1909இல் வெளியிட, அவர் பெயராலேயே அது மேனாடுகளிலும் வழங்கலாயிற்று. இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எழும்பூருக்குக் கண் நோயாளர் வந்த தொகை லண்டன் வைத்தியரும் பொறாமைப்படத் தக்கது. ஆகவே புத்தகத்தில் ஒருமுறை படித்த சிகிச்சையை இங்குள்ள மாணாக்கர் நூறுமுறை கண்ணாரக் கண்டனர். எழும்பூரில் பழகியவர் என்ற சொல்லுக்கு ஜில்லாக்களில் இருந்த மதிப்பு, நோயாளர் கூட்டம் தந்த மதிப்பாகும்.

சுதேச வைத்தியத்தின் தராதரம் வேறொரு பிரச்னை. குருவின் வீட்டில் தங்கி மருந்து இடித்து, செந்தூரத்துக்குப் புடமிடக் கற்று, நாடி பிடிக்கும் விரல் பழகிய பின்னரே சீடன் தனித்துத் தொழில் செய்யலாம் என்பது சித்த வைத்தியக் குடும்பங்களின் வழக்கம். சுதேச வைத்தியத்தை ஆராய 1921இல் அமைந்த உஸ்மான் கமிட்டியின் காரியதரிசி ஜி. சீனிவாசமூர்த்தி தாமே மேனாட்டு வைத்தியப் பட்டதாரி. அவரே 1925இல் கீழ்ப்பாக்கத்தில் திறந்த இந்திய வைத்தியப் பள்ளிக்குத் தலைவரானார். ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அங்கு எல்.ஐ.எம். என்னும் லைசென்ஸுக்காகப் போதிக்கப்பட்டன. கூடவே மேனாட்டு உடற்கூறும் கற்பிக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் இரண்டு குதிரைகளில் ஏறிய அந்த மாணாக்கரிற் பலர் பின்னர் ஸ்டெதாஸ்கோப்பையே நம்பிப் பிழைத்தனர். அந்த இடமும் 1960இல் கீழ்ப்பாக்கம் மெடிகல் காலேஜாகிவிட்டது. சித்தத்துக்கென்று தனிக்கல்லூரி 1964இல் பாளையங்கோட்டையில் ஏற்பட்டது. குருகுலத்தில் காட்டு மூலிகையை நேரில் கண்டு பழகிய கண்ணுக்கு நிகராக வகுப்பறையில் எதை வைப்பது என்ற கேள்விக்குத் திருப்தியான விடை இன்னும் கிட்டவில்லை.

நிபுணர்கள் பெருகுமுன் இருந்த பெரிய சர்ஜன்கள் உடலின் எந்தப் பாகத்தையும் தொடத் தயங்கியவர்கள் அல்லர். கும்பகோணத்துக்கு அருகே சருக்கையில் 1882இல் பிறந்த ரங்காச்சாரி அவர்களுக்கு மகுடம் போன்றவர். தூரத்து நோயாளரிடம் விரைந்து செல்லச் சொந்த விமானமே வாங்கி ஓட்டினார் என்பது கட்டுக்கதையன்று. 1934இல் அவர் மறைந்த ஐந்தாண்டில் ஜெனரல் ஆஸ்பத்திரி முகப்பில் அவருக்குச் சிலை எழுந்தது. உத்தியோகப் படியில் அவருக்கு மேலே நின்ற வெள்ளை சர்ஜன்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிட்டிற்று என்று எண்ணிப் பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு.

அப்பரம்பரையிலிருந்து கிளைத்தே இன்றைய நுண்துறைகள் தோன்றின. மாண்ட்ரீயலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேகப் சாண்டி 1949இல் வேலூரில் மூளை ரணசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். நாட்டில் அதுவே முதல். அடுத்த ஆண்டு பி. ராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அதனைத் தொடங்கினார். அவர் முதலில் பொது ரணசிகிச்சையில் எம்.எஸ். முடித்து, எடின்பரோவில் எப்.ஆர்.சி.எஸ். பெற்று, அதன் பிறகே நியூகாஸிலில் மூளையின் பக்கம் திரும்பியவர். மண்டையைத் திறக்குமுன் உடலின் ஏனைய பாகங்களையெல்லாம் திறந்து மூடிப் பழகிய கை அது. 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவிய நால்வருள் இவ்விருவரும் இருந்தனர். அதன்பின் இத்துறையில் புகுந்த இளைஞர், ஆசானைத் தேடிக் கப்பல் ஏறாமல், காட்பாடிக்கோ சென்ட்ரலுக்கோ ரயில் ஏறினாலே போதும் என்ற நிலை உண்டாயிற்று.