யூவெர்ஷன் பைபிள் செயலி: லேவியராகமத்தைத் தாண்ட வைக்குமா?

புத்தாண்டு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டையை வேதப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு வரும்போது நம்மில் பலர் எடுக்கும் தீர்மானம் ஒன்று உண்டு: இந்த வருடம் முழு வேதாகமத்தையும் வாசித்துவிட வேண்டும். கணக்கு எளிதுதான். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமமும் யாத்திராகமமும் கதையாக ஓடும். குடியரசு தினம் கழிந்த கையோடு லேவியராகமம் வரும். பலிகள், தோல் வியாதிச் சட்டங்கள், சுத்தம், தீட்டு. பெரும்பாலான தீர்மானங்கள் அங்கேயே படுத்துவிடும்.

அதனால் இந்த முறை ஜனவரிக்குக் காத்திருக்கவில்லை. திருச்சபை ஆண்டு தொடங்குவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறில், அட்வெந்து காலத்தில். அந்தப் பருவத்தில் யூவெர்ஷன் செயலியைப் போனில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலும் ராஜபாளையம் போகும் பஸ்ஸிலும் பயன்படுத்திப் பார்த்தேன். என் பெரியம்மாவும், ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் தங்கச்சி முறைப் பெண்ணும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

என்ன செயலி?

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள லைஃப் சர்ச் என்ற திருச்சபை உருவாக்கியது. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தபோதே அதில் இருந்த முதல் செயலிகளில் இதுவும் ஒன்று. 2021இல் பதிவிறக்கம் 50 கோடியைத் தாண்டியது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. வாசிக்க மட்டும் என்றால் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. வாசிப்புத் திட்டம், வண்ணக் குறியீடு, குறிப்பு எல்லாம் சேமிக்க வேண்டுமென்றால் கணக்கு தேவை.

தமிழ் எப்படி?

தமிழ் மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் வளர்ந்தவர்கள் காதுக்குப் பழகியது இந்திய வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த திருத்தத்தின் வழிவந்தது அது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிய நடையில் உள்ள பதிப்பைத் திறந்து கொடுக்கலாம். மேலே பதிப்பின் பெயரைத் தொட்டால் போதும், அதே அதிகாரம் அடுத்த பதிப்பில் வந்துவிடும். பாடத்துக்குத் தயாரிக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு இது பெரிய வசதி.

எழுத்தைப் பெரிதாக்கலாம், இருட்டில் வாசிக்கப் பின்புறத்தைக் கறுப்பாக்கலாம். ஆனால் சின்னத் திரை போனில் பெரிய எழுத்து வைத்தால் நீண்ட வசனம் ஒன்றே திரையை அடைத்துவிடுகிறது. பவுலின் நிருபங்களில் ஒரு வாக்கியம் எங்கே தொடங்கியது என்று மேலே தள்ளித் தேட வேண்டியிருக்கும். அங்கே அச்சுப் புத்தகத்தை அடிக்க ஆளில்லை.

கத்தோலிக்கக் குடும்பங்கள் கவனிக்க: 1995இல் வந்த திருவிவிலியத்தில் 73 நூல்கள். செயலியில் உள்ள முழு வேதாகமத் திட்டங்கள் பெரும்பாலும் 66 நூல் கணக்கில் போடப்பட்டவை.

வாசிப்புத் திட்டங்கள்

திட்டங்களின் பட்டியல் நீளமானது. தமிழில் இருப்பவை ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. சில தமிழ்த் திட்டங்களில் தியான உரையின் நடை இழுபறியாக இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு வேதப் பகுதியை மட்டும் வாசித்தால் நஷ்டமில்லை.

விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பப் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் ஓராண்டுத் திட்டத்தைத் தொட வேண்டாம் என்பேன். டிசம்பருக்குக் கச்சிதமானது லூக்கா சுவிசேஷம்: 24 அதிகாரம். முதல் தேதி தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு முடியும். நாங்கள் மூவரும் அதைத்தான் எடுத்தோம். ஜனவரியில் நீதிமொழிகள், 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. சங்கீதம் நாளுக்கு ஐந்து என்றால் 30 நாள். கால் பதிந்த பிறகு பெரிய திட்டத்துக்குப் போகலாம். ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842இல் தன் சபைக்காகப் போட்டுக் கொடுத்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை. நாளுக்கு நாலு அதிகாரம் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சுமை.

நாள் தவறினால் பாக்கி ஏறிக்கொண்டே போகும் என்ற பயம் இங்கே தேவையில்லை. திட்டத்தின் தேதிகளை இன்றிலிருந்து நகர்த்திக்கொள்ள வழி இருக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே காகித அட்டவணையை விடலாம்.

காதுதான் பலம்

செயலியின் மிகச் சிறந்த பகுதி ஒலி. ஒலிப்பதிவு உள்ள பதிப்புகளில் ஒலிபெருக்கிக் குறி தெரியும். அதைத் தொட்டால் வாசிப்பு ஓடும்; ஒரு அதிகாரம் முடிந்தால் அடுத்தது தானாகத் தொடரும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தூங்கப் போகும்போது இத்தனை நிமிடத்தில் நிற்க வேண்டும் என்று நேரமும் வைக்கலாம்.

பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே லூக்கா மூன்றாம் அதிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் கடைசியில் யோசேப்பு முதல் ஆதாம் வரை போகும் வம்ச வரலாறு, பெயர் மேல் பெயர். கீரையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏய்யா, கண்ணால வாசிக்கும்போது இந்தப் பேரையெல்லாம் நான் தாண்டிப் போயிருவேன். இவரு ஒண்ணு விடாம வாசிக்கிறாரே!"

இந்த விமர்சனத்தின் சாரம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. கண் தாண்டும், காது தாண்டாது. லேவியராகமத்துக்கும் இதுவே மருந்து. அதன் 27 அதிகாரங்களை நாளுக்கு இரண்டாகக் கேட்டால் இரண்டு வாரத்தில் எண்ணாகமத்துக்கு வந்துவிடலாம்.

மில் வேலைக்கும் இது பொருந்துகிறது. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும்போது 'விடியற்காலை ஐந்து மணிக்கு வேத வாசிப்பு' என்ற ஒழுங்கு நிற்காது. "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா புஸ்தகத்தைத் திறந்த உடனே கண்ணு சொக்குது அண்ணே. பஸ்ல கேட்டுட்டே வந்துடுறேன்" என்றாள் தங்கச்சி. அவளுக்குப் பழக்கத்தின் நேரம் கடிகாரத்தில் இல்லை, பஸ் பயணத்தில் இருக்கிறது. ஒரே குறை, பஸ்ஸில் போடும் சினிமா பாட்டு. காதை அடைக்கிற ஹெட்செட் இல்லாவிட்டால் வேலைக்காகாது.

இந்த வட்டாரத்துக்குக் கேட்பது புதிதும் அல்ல. தமிழில் புதிய ஏற்பாட்டை சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்டது 1714–15இல். அதற்குப் பிறகும் நெடுங்காலம் கிராமங்களில் பெரும்பாலோருக்கு எழுத்து கைவரவில்லை. கேம்பிரிட்ஜில் கல்வி கற்ற தாமஸ் கஜெடன் ராக்லண்ட், சி.எம்.எஸ். மிஷனரியாக 1854 முதல் சிவகாசியை மையமாக வைத்து வட திருநெல்வேலிச் சீமையில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். அன்று கூடாரத்துக்கு முன்னால் கூடியவர்களில் பலருக்கு வேதம் என்பது யாரோ வாசிக்கக் கேட்பதுதான்.

கேட்பதில் ஒரு ஆபத்து உண்டு. கை வேலையில் இருக்க, மனசு கடன் தவணைக்குப் போய்விடும், குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு உதவிய முறை: பகலில் அதிகாரத்தைக் கேட்பது, இரவு குடும்ப ஜெபத்தில் அதிலிருந்து ஐந்தாறு வசனத்தைப் புத்தகத்தில் வாசிப்பது.

தொடர் நாள் கணக்கு

இத்தனை நாள் விடாமல் வந்தீர்கள் என்று செயலி எண்ணிக்கை காட்டும், பதக்கமும் தரும். தொடக்கத்தில் இது உந்துதல்தான். ஆனால் அது எண்ணுவது செயலியைத் திறந்ததை; வாசித்ததை அல்ல. இரவு பதினொன்றரைக்கு எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாதென்று திறந்து மூடுகிற நிலை வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தினவசன அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அறிவிப்புகளை நிறுத்துவது நல்லது. வேதம் வாசிக்க எடுத்த போன் வாட்ஸ்அப்பில் முடிவதற்கு ஒரு அறிவிப்பு போதும்.

இதற்கு மாற்று, திட்டத்தை நாலு பேரோடு சேர்ந்து எடுப்பது. யார் முடித்தார்கள் என்று தெரியும், கருத்து எழுதலாம். 'இன்றைக்கு என்ன வாசித்தாய்?' என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் எந்தப் பதக்கமும் தேவையில்லை.

சிக்னல் இல்லாத இடத்தில்

செண்பகத்தோப்பு போல மலையடிவாரத்தில் சிக்னல் நம்ப முடியாதது. வீட்டில் வைஃபை இருக்கும்போதே பதிப்பைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பதிப்புக்கும் அந்த அனுமதி இல்லை. பதிப்பாளரைப் பொறுத்து மாறும். பட்டியலில் தரவிறக்கக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஒலிக்கு டேட்டா அதிகம் போகும்.

தீர்ப்பு

ஒலிக்கு முழு மதிப்பெண். திட்டங்களுக்குப் பாதிக்கு மேல். தமிழில் இன்னும் வர வேண்டும். தொடர் நாள் கணக்கு இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆழ்ந்து வாசிக்க அச்சுப் புத்தகம் வேண்டும்; அறுந்த பழக்கத்தை முடிச்சுப்போட இந்தச் செயலி போதும்.

வீட்டில் கண் மங்கிய பெரியவரோ ஷிப்டில் ஓடுகிறவரோ இருந்தால், வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கால்மணி நேரம் ஒதுக்கி அவர்கள் போனில் இதை ஏற்றுங்கள். தமிழ்ப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, எந்தக் குறியைத் தொட்டால் குரல் வரும் என்று காட்டிவிட்டு, லூக்கா முதல் அதிகாரத்தைக் கூட உட்கார்ந்து கேளுங்கள்.