சர்வதேசப் பேரினப் பொருளியற் போதனை: ஒரு விமர்சன நோக்கு

பொருளியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர் யாவரும் மண்டெல்–பிளெமிங் மாதிரியைக் கடந்தே பட்டம் பெறுகின்றனர். மார்க்கஸ் பிளெமிங் 1962இலும் ரொபேட் மண்டெல் 1963இலும் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து எழுந்தது அது. நிலையான நாணயமாற்று வீதம், தடையற்ற மூலதனப் பாய்ச்சல், சுயாதீனமான நாணயக் கொள்கை ஆகிய மூன்றையும் ஒரு நாடு ஒருங்கே கைக்கொள்ள இயலாது. ஏதேனும் ஒன்றைக் கைவிட்டேயாக வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிபு. முடிபு சரியானதே. அதனைக் கற்பிக்கும் முறையே இங்கு விமர்சனத்துக்கு உரியது.

பிளெமிங்கின் கட்டுரை வெளிவந்த அதே 1962இல், பேராதனையில் பொருளியல் கற்பித்த எச். ஏ. டி எஸ். குணசேகர அவர்களின் ஆங்கில நூலொன்று வெளியாயிற்று. சார்பு நாணய முறையிலிருந்து மத்திய வங்கி முறைக்கு இலங்கை வந்து சேர்ந்த வரலாற்றை 1825 முதல் 1957 வரை ஆராய்வது அந்நூல். மண்டெலும் பிளெமிங்கும் சமன்பாடுகளாற் கூறிய சிக்கலை இந்நாடு தன் வரலாற்றில் அனுபவித்தே அறிந்திருந்தது. 1884 முதல் 1950 வரை நிலவிய நாணயச் சபை முறையின் கீழ் வீதம் நிலையானது. மூலதனம் தடையின்றி வந்து போயிற்று. நாணயக் கொள்கையென ஒன்று இருக்கவில்லை. 1950 ஓகஸ்டில் மத்திய வங்கி தோன்றியது. 1953இன் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின் மூலதனத்தின் வாயில் அடைபட்டது. 1977 நவம்பரில் வீதம் மிதக்கவிடப்பட்டது. முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் ஒரு நூற்றாண்டுக்குள் நின்று பார்த்த நாடு இது. ஆயினும் நமது பல்கலைக்கழகங்களின் விரிவுரைக் குறிப்புகளில் கனடாவும் ஐக்கிய இராச்சியமும் உதாரணங்களாக வருமளவிற்கு இலங்கை வருவதில்லை. வருமிடத்தும் கோட்பாட்டைச் சொல்லி முடித்தபின் இறுதி வாரத்தில், நேரம் எஞ்சினால் வருகின்றது.

இக்குறை புதிதன்று. டட்லி சியர்ஸ் 1963இலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். கைத்தொழில்மயமான ஒருசில நாடுகளின் பொருளாதாரம் உலக வரலாற்றில் ஒரு சிறப்பு வகையே. அதனைப் பொதுவகையெனக் கொண்டு பாடநூல் எழுதுவதும் போதிப்பதும் தவறு என்பது அவரது வாதம். அதே சியர்ஸ் 1971இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் குழுவுக்குத் தலைமை வகித்து இங்கு வந்து, படித்த இளைஞரின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அறிக்கையைத் திட்டமிடுவோர் படித்தனர். கட்டுரையை நாம் படிக்கவில்லை.

ஆயின் இலங்கையை உதாரணமாகச் சேர்த்துவிட்டாற் போதுமா? போதாது என்பதே என் கருத்து. சியர்ஸ் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைக் கூறினார். ஒரு நாட்டினுள்ளேயே சரிசெய்கையின் சுமை எவர் தோளில் இறங்குகின்றது என்ற வினா அதனினும் ஆழமானது.

மஹய்யாவவினூடாகச் செல்லும் மாத்தளைப் புகையிரதப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. அதற்குப் பதினோராண்டு முன்னர், 1869இல், கோப்பி இலையில் நோய் கண்டாயிற்று. பாதை வந்தபோது அது சுமக்கவேண்டிய பயிர் அழிந்துகொண்டிருந்தது. கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்திற் கதவடைத்தது. அதன் தாள்களே அக்காலத்தில் இங்கு பெரும்பான்மையாகப் புழங்கியவை. அரசு அத்தாள்களுக்குப் பொறுப்பேற்று, அவ்வாண்டே நாணயத்தாட் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இவ்வாறு தோன்றிய முறையில் ஏற்றுமதி வீழ்ந்தால் நாட்டினுட் பணம் சுருங்கும். பணம் சுருங்கினால் விலையும் கூலியும் இறங்கும். சமநிலை தானாகவே மீளும். பாடநூல் இதனைத் 'தன்னியக்கச் சரிசெய்கை' என்கின்றது. 1930களின் பெருமந்தத்தில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். தானாக இயங்கியதெனக் கூறப்படும் பொறியின் அசையும் உறுப்பு அவர்களே. கண்டி நகரைக் கூட்டித் துப்புரவாக்கும் மாநகர சபைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் மஹய்யாவ லயன்களில் வளர்ந்த எனக்கு, 'கூலி நெகிழ்ச்சி' என்ற சொற்றொடரை விரிவுரையில் முதன்முதற் கேட்டபோது அது புதிய செய்தியாகத் தோன்றவில்லை.

அண்மைக்காலத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அன்றைய வீதப்படி அது ஏறத்தாழ ஐந்து டொலர். டொலரொன்றுக்குச் சுமார் 203 ரூபாவெனப் பிடித்துவைக்கப்பட்ட வீதம் 2022 மார்ச்சிற் கைவிடப்பட்டு, மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைவாயிற்று. கொழும்புத் தேயிலை ஏலத்திலோ 2021இல் கிலோவொன்றுக்குச் சராசரியாக 620 ரூபாவளவில் இருந்த விலை 2022இல் 1,200 ரூபாவைத் தாண்டியது. உரத்தடையால் விளைச்சல் குன்றியதும் எரிபொருட் செலவு உயர்ந்ததும் உண்மையே. கம்பனிகளின் இலாபம் விலையளவுக்குப் பெருகியதென நான் கூறவில்லை. ஆயினும் வீதம் வீழ்ந்த சில வாரங்களுள் விலை ஏறியது. கூலியோ 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபாவாகும் வரை அசையவில்லை. இடையில், 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்திருந்தது. பெறுமதியிறக்கம் ஏற்றுமதியைப் 'போட்டித்தன்மை' உடையதாக்கும் என்று மாணவர் எழுதும் விடையின் உட்பொருள், மெய்க்கூலி வீழ்கின்றது என்பதாகும். விடைத்தாளில் அதனையும் எழுதுவோர்க்கு மேலதிகப் புள்ளி கிடையாது.

இன்னொன்று. 203 ரூபாவுக்கு வீதம் கட்டுண்டிருந்த காலத்தில் வெளிநாட்டில் உழைப்போர் வங்கியைத் தவிர்த்து உண்டியல் வழியாகப் பணம் அனுப்பினர். 2020இல் 710 கோடி டொலராயிருந்த பதிவான பணவனுப்பல் 2021இல் 550 கோடியளவாகவும் 2022இல் 380 கோடியளவாகவும் சுருங்கியது. மாதிரியில் 'மூலதனப் பாய்ச்சல்' எனப்படுவது வட்டி வீதத்தைப் பார்த்து ஓடும் முதலீட்டாளரின் பணம். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தாய் எந்த வீதத்தில், எந்த வழியாக அனுப்புவதெனத் தீர்மானிப்பதும் ஒரு நாட்டின் ஒதுக்கைக் கரைக்கவல்லது என்பதை நாம் அறிந்தது எந்தப் பாடநூலிலிருந்தும் அன்று.

கலைச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை. 'சென்மதி நிலுவை' என்ற நல்ல சொல்லை நம் முன்னோர் ஆக்கித் தந்தனர். தமிழில் ஆக்கிய சொல்லைக் கொண்டு தமிழிற் சிந்திப்பது நிகழவில்லை. ஆங்கிலக் குறிப்பை வரிக்கு வரி பெயர்க்கவே அது பயன்படுகின்றது. அதன் விளைவு பட்டப்பின் படிப்பில் வெளிப்படுகின்றது.

முதுமாணி ஆய்வுக்கு வரும் தமிழ்மொழி மூல மாணவர் முதலில் மொழியை மாற்றிக்கொள்கின்றனர். அடுத்துத் தலைப்பை ஒப்புக்கொடுக்கின்றனர். 'நாணயமாற்று வீதமும் ஏற்றுமதியும்' என்பது வழமையான தலைப்பு. 1977இலிருந்து ஆண்டுத் தரவுகளை எடுத்தால் ஐம்பதுக்கும் குறைவான அவதானிப்புகளே தேறும். அவற்றைக் கணினிக்கு ஊட்டிக் குணகமொன்றைப் பெற்று, அது புள்ளிவிபரவியல் ரீதியாக முக்கியமானதா அன்றா என்று எழுதினால் ஆய்வேடு நிறைவுறும். மேற்பார்வையாளர் பிழைகளைத் திருத்துவார், பொருளடக்கத்தை ஒழுங்குபடுத்துவார். வினா எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவரது முதற் கடமையாக இருந்திருக்க வேண்டும். விரிவுரைச் சுமையும் நூலகத்தின் வறுமையும் ஆசிரியர்கள் புலம்பெயர்வதும் இதற்குக் காரணங்களென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஏல விலை, வர்த்தமானிக் கூலி, நகைக்கடை அடகு வீதம் ஆகியவற்றை மாதவாரியாகத் திரட்டும்படி ஒரு மாணவரை அனுப்புவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை.

கோட்பாடு அருவமாக இருந்தாலன்றிக் கோட்பாடாகாது என்று ஆசிரியர் மறுமொழி கூறலாம். நியாயமே. 203 ரூபா ஏன் நிலைக்காது என்பதை விளக்க அந்த மாதிரியே உதவிற்று. அதனை அறியாதோர் வெறும் சதிகளையே தேடினர். ஆகவே மாதிரியைத் தூக்கியெறிய நான் கேட்கவில்லை. 'நாடு சரிசெய்துகொள்கின்றது' என்ற வாக்கியத்தில் எழுவாய் எது என்று வகுப்பில் வினவப்பட வேண்டும் என்றே கேட்கின்றேன்.

அவ்வினாவுக்குரிய களம் ஒன்று ஆயத்தமாகவே உள்ளது. 2022 ஏப்பிரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு இடைநிறுத்தப்பட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் பதினேழாவது ஏற்பாடு அங்கீகாரம் பெற்றது. அதனைத் தொடர்ந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதி முதலான ஓய்வுகால நிதிகளின் முறிகள் 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் ஏற்கனவே அதிக வரி சுமப்பதாகவும் வங்கித்துறை தளர்ந்தால் வைப்பாளர் பாதிக்கப்படுவர் என்பதாகவும் காரணம் கூறப்பட்டது. டொலரிற் பட்ட கடன், இறுதியில் ரூபாவிற் சேமித்த தொழிலாளியின் முதுமைக் கணக்கில் எவ்வளவு பற்றெழுதப்பட்டது? இதனைக் கணக்கிடுவதற்கு வேண்டிய வட்டி வீதங்கள், பணவீக்கச் சுட்டி, நிதியத்தின் ஆண்டறிக்கைகள் அனைத்தும் பகிரங்கமானவை. நமது துறைகளுள் ஒன்று அடுத்த கல்வியாண்டில் இதனை ஒரு முதுமாணி மாணவருக்கு, அவர் விரும்பினால் தமிழிலேயே, ஆய்வுத் தலைப்பாக வழங்கலாம்.