சுவர் யாருக்குரியது? – பொதுவெளி ஓவியமும் சமூகப் பங்கேற்பும்

கலை மக்களுக்குரியது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளிலும் வலுப்பெற்றது. ஆயின் மக்களைப் பற்றிய கலை, மக்களுக்கான கலை, மக்களோடு சேர்ந்து ஆக்கப்படும் கலை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாத விமரிசனம், நல்நோக்கத்தையே கலைப்பெறுமதியாகக் கொள்ளும் தவறுக்கு இட்டுச் செல்லும். ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள சுவரோவியங்கள் இரண்டினை ஆதாரமாகக் கொண்டு இப்பிரச்சினையை நோக்குவது பயனுடைத்து.

பொதுவெளிச் சுவரோவியத்தின் நவீன வரலாறு மெக்சிக்கோவுடன் நெருங்கிய தொடர்புடையது. 1910இல் தொடங்கிய புரட்சியைத் தொடர்ந்து, 1921இல் கல்வி அமைச்சரான ஹோசே வஸ்கொன்செலொஸ் அரச கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். டியேகோ றிவேரா, ஒறொஸ்கோ, சிக்கெய்றொஸ் ஆகியோர் உழவரையும் தொழிலாளரையும் பழங்குடியினரையும் வரலாற்றின் நாயகர்களாகத் தீட்டினர். எனினும் மக்கள் அங்கே ஓவியத்தின் பொருளாகவும் பார்வையாளராகவும் விளங்கினரேயன்றி ஆக்குவோராக விளங்கவில்லை. சுவரும் அவர்களுடையதன்று. நியூயோர்க் றொக்பெல்லர் மையத்தில் றிவேரா 1933இல் லெனினின் உருவைத் தீட்டியமையால் பணி நிறுத்தப்பட்டது. 1934இல் அவ்வோவியம் உடைத்தழிக்கப்பட்டது. ஓவியரின் கருத்துச் சுதந்திரம் சுவருக்குரியவரின் சம்மதத்தில் தங்கியிருந்தமையை இந்நிகழ்ச்சி ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது.

சிக்கெய்றொஸ் 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒல்வேரா வீதியில் தீட்டிய ‘வெப்பவலய அமெரிக்கா’ என்னும் ஓவியத்தின் கதியும் இத்தகையதே. கண்ணுக்கினிய வனக்காட்சியொன்றை எதிர்பார்த்தோர், இரட்டைச் சிலுவையிற் பிணிக்கப்பட்ட பழங்குடி மனிதனையும் அவனுக்கு மேலே அமர்ந்த கழுகையும் கண்டனர். சில ஆண்டுகளுள் ஓவியம் முழுவதும் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. காலப்போக்கில் அவ்வெள்ளைப் பூச்சு உரிய, 1960களின் பிற்பகுதியில் உருவங்கள் மீண்டும் தெரியலாயின. பாதுகாப்புப் பணிகளின் பின், 2012இலேயே அது பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

இம்மரபைக் கற்று, அதிலிருந்து வேறுபட்ட பாதையை வகுத்தவர் அதே நகரிற் பிறந்த ஜூடி பாகா. துஹுங்கா ஓடையின் கொங்கிறீற் வெள்ள வாய்க்காற் சுவரில் அவரது தலைமையில் 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகாலங்களில் தீட்டப்பட்ட ‘லொஸ் ஏஞ்சலிஸ் பெருஞ்சுவர்’ ஏறத்தாழ அரை மைல் நீளமுடையது. நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள் அதிற் பணியாற்றினர். முதற் கோடையிற் சேர்ந்தோருட் பலர் இளங்குற்றவாளிகளுக்கான நீதிமுறைமையின் வழியாக வந்தவர்கள். வரலாற்றாசிரியர்களின் ஆய்வும் சமூகத்து மூத்தோரின் வாய்மொழி நினைவுகளும் ஓவியத்துக்கு மூலப்பொருளாயின. 1930களில் மெக்சிக்க வம்சாவளியினர் பெருந்தொகையாக நாடுகடத்தப்பட்டமை, இரண்டாம் உலகப்போரின்போது யப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டமை ஆகிய பாடநூல்கள் புறக்கணித்த செய்திகள் அச்சுவரில் இடம்பெற்றன.

இதன் குறைபாடுகளும் எடுத்துரைக்கப்பட வேண்டியவையே. சில பகுதிகள் வரலாற்றுக்கு வரையப்பட்ட விளக்கப்படங்கள் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஒவ்வோர் இனத்தவருக்கும் ஒவ்வொரு காட்சி என்ற பங்கீட்டு முறை, அவர்தம் துயரங்களுக்குப் பொதுவான சமூகப் பொருளாதாரக் காரணிகளைச் சிலவிடங்களில் மறைத்துவிடுகின்றது. மேலும், இப்பணிக்கு பாகாவை 1974இல் அழைத்தது இராணுவப் பொறியியற் படையணி. ஆற்றைக் கொங்கிறீற்றுக்குள் அடைத்ததும் அதே படையணியே. எனவே சமூகக் கலை நிறுவனங்களின் பிடியினின்றும் முற்றாக விடுபட்டதெனக் கொள்ளமுடியாது. மாற்றம் நிகழ்ந்தது சுவரின் உரிமையிலன்று. அதில் எதனைத் தீட்டுவதென்ற தீர்மானத்தில் யார் பங்குகொள்கின்றனர் என்பதிலேயே.

அம்மாற்றம் அழகியல் விளைவைத் தந்ததா என்பதே விமரிசகன் வினவவேண்டிய வினா. 1983இல் தீட்டப்பட்ட, குடியிருப்புகளின் பிரிவினையைச் சித்திரிக்கும் பகுதி இதற்கு விடையாகின்றது. நெடுஞ்சாலைகள் பாம்புகளென முறுகிக் குடும்பத்தினரை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிக்கின்றன. குடியிருப்பாளர் வெளியேற்றப்பட்ட சாவேஸ் பள்ளத்தாக்கின்மீது விளையாட்டரங்கு பறக்கும் தட்டுப்போல இறங்குகின்றது. கொங்கிறீற்றினால் வாழ்வு பிளவுண்டோரின் அனுபவம் கொங்கிறீற்றின்மேலேயே உருவம் பெறும்போது உள்ளடக்கமும் உருவமும் பிரிக்கவியலாதனவாகின்றன. தனியொரு கலைஞர் தம் கூடத்திலிருந்து இதனை இவ்வாறு கண்டடைந்திருத்தல் அரிது.

ஆகவே, சமூகத்தை வெறும் உழைப்பாளராகப் பயன்படுத்தித் தன் பெயரை நிறுவும் கலைஞரையும், சமூகத்தின் அறிவினால் தன் கலையே மாற்றமுற இடந்தரும் கலைஞரையும் பிரித்தறிவது விமரிசனத்தின் கடனாகும். எத்தனைபேர் தூரிகை பிடித்தனர் என்ற கணக்கு அதற்குப் போதாது. அவர்கள் அறிந்தது ஓவியத்தின் அமைப்பை எவ்வாறு மாற்றியது என்பதே அளவுகோலாதல் வேண்டும். இவ்வளவுகோலைக் கைவிட்டு, சமூகக் கலையாயின் பாராட்டே போதும் என்றிருப்பது, அக்கலையை ஆக்கிய மக்களைக் கலைஞராக மதிக்க மறுப்பதாகவே முடியும்.