காக்கி உடையும் கண்ணகி வழக்கும்: தமிழ்த் திரையில் விதி மீறும் பொலிஸ் நாயகர் பற்றிய ஒரு நோக்கு

தமிழ்த் திரைப்படங்களில் அரை நூற்றாண்டாக நிலைத்து நிற்கும் பாத்திரங்களுள் ஒன்று, சட்டத்தைக் காக்கும் பொருட்டுச் சட்டத்தை மீறும் பொலிஸ் அதிகாரியின் பாத்திரமாகும். இத்தகைய படங்களைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் ஆய்வாளரிடையே வழக்கம். ஆயின், ஒரு சமுதாயம் எதனைக் கண்டு மீண்டும் மீண்டும் கைதட்டுகின்றது என்பது அச்சமுதாயத்தின் நீதியுணர்வுக்குச் சான்றாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இதனை ஆராய்வதற்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. காக்கி உடையை வீதியிற் கண்டு ஒதுங்கிய மக்கள் அதே உடையைத் திரையிற் கண்டு ஆரவாரித்தது எங்ஙனம் என்பதே நாம் எழுப்பும் வினா.

முதலில் இப்பாத்திரத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். மகேந்திரனின் எழுத்தில் முதலில் நாடகமாக அமைந்து, 1974இல் பி. மாதவனின் இயக்கத்திற் படமான ‘தங்கப்பதக்கம்’ சிவாஜி கணேசனை எஸ்.பி. சௌத்ரியாக நிறுத்தியது. சௌத்ரி விதியை மீறுபவர் அல்லர். விதியின் பொருட்டுத் தன் மகனையே சுட்டு வீழ்த்துபவர். கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் சாயல் அவரிடம் தெளிவாகத் தெரிகின்றது. ஆயின் அதே ஆண்டில், இந்தி ‘சஞ்சீர்’ (1973) படத்தின் தமிழ் வடிவமான ‘சிரித்து வாழ வேண்டும்’ எம்.ஜி.ஆரின் நடிப்பில் வெளிவந்தது. ‘சஞ்சீர்’ படத்தின் இன்ஸ்பெக்டர் பொய்க் குற்றச்சாட்டினாற் பதவியிழந்து, சீருடையின்றித் தன் பகைவனைத் தேடிச் செல்பவர். சட்டத்திற்குள் நீதி கிடையாதெனின் அதற்கு வெளியே அதனைப் பெறலாம் என்ற வாதம் இவ்வாறு நம் திரைக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வாதத்திற்கு உலகளாவிய முன்மாதிரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1966இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கைதானவரை விசாரிக்குமுன் அவருடைய உரிமைகளை அவருக்கு எடுத்துரைத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுகளின் பின் வந்த ‘டேர்ட்டி ஹரி’ (1971) அத்தகைய உரிமைகளுக்கு எதிரான சினத்தைக் கதையாக்கியது. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த கலஹன், காயமுற்ற கொலைஞனின் காலை மிதித்து உண்மையைக் கறக்கின்றார். அச்சான்று செல்லாதாகிக் கொலைஞன் விடுதலையாகின்றான். இறுதியிற் கலஹன் அவனைச் சுட்டுக் கொன்று, தன் பதவிச் சின்னத்தை நீரில் வீசுகின்றார். இப்படத்திற் பாசிசச் சாயலைக் கண்டு எச்சரித்தவர் விமர்சகர் போலின் கேல். எச்சரிக்கை பொய்யன்று, எனினும் அது பார்வையாளரைத் தடுக்கவில்லை.

தமிழில் ‘மூன்று முகம்’ (1982) ரஜினிகாந்தை அலெக்ஸ் பாண்டியனாக்கியது. ‘வால்டர் வெற்றிவேல்’ (1993), ‘காக்க காக்க’ (2003), ‘சாமி’ (2003), ‘சிங்கம்’ (2010) என அவ்வரிசை வளர்ந்தது. ‘சாமி’யின் நாயகர் தொடக்கத்தில் மாமூல் வாங்குபவர், முடிவில் எதிரியைக் கொன்று உடலைச் செங்கற்சூளையில் எரித்து, அவன் தலைமறைவானதாக உலகை நம்பவைப்பவர். ‘மங்காத்தா’ (2011) ஒரு படி மேற்சென்று, இலட்சியம் எதுவுமற்ற, பணமே குறியான பொலிஸ் அதிகாரியை நாயகராக்கியது. மனுநீதியிற் புறப்பட்ட பாத்திரம் 37 ஆண்டுகளிற் கொள்ளையில் வந்து முடிந்தது. கைதட்டல் மட்டும் குறையவில்லை.

இனி, குடாநாட்டுப் பார்வையாளரிடம் வருவோம். தமிழர் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது களம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சீட்டின் விலையேயன்றிச் சாதியன்று என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். யாழ்ப்பாணத்து வின்சர், ராணி, மனோகரா, ராஜா ஆகிய அரங்குகளுக்கும் இக்கூற்றுப் பொருந்தும். எண்பதுகளில் இரவல் ரிவியும் டெக்கும் ஜெனரேற்றரும் கொண்டு விடியும்வரை முற்றங்களிற் படம் பார்த்த காலமும் இதில் அடங்கும்.

அப்பார்வையாளர் வாழ்ந்த வெளியுலகம் எத்தகையது? ‘தங்கப்பதக்கம்’ வெளியான அதே 1974ஆம் ஆண்டின் ஜனவரி 10ஆந் திகதி, யாழ்ப்பாணத்து நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நாளிற் பொலிஸாரின் நடவடிக்கையால் உயிர்கள் பலியாயின. 1981இல், பொலிஸார் பெருந்தொகையாக நகரில் நிறுத்தப்பட்டிருந்த வேளையிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், பொலிஸாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் சான்றாகாது என்ற பழைய சான்றுச் சட்ட விதியைப் புறந்தள்ளி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேற்பட்டோரும் பெறும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என நிறுவும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே விழுந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, நீதிமன்றின் ஆணையின்றி 18 மாதங்கள் தடுத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. சுருங்கக்கூறின், திரையில் நாயகர் மீறிய விதிகள் இங்கு சட்டத்தினாலேயே தளர்த்தப்பட்டிருந்தன.

இவ்வாறிருந்தும் மக்கள் ஆரவாரித்தமைக்குக் காரணங்களுள் ஒன்று மொழி. திரையின் காக்கி உடை தமிழ் பேசிற்று. முறைப்பாட்டுடன் வரும் மூதாட்டியை நாற்காலியில் இருத்தி, ‘சொல்லுங்கம்மா’ என்று அவர் மொழியிலேயே கேட்டது. தான் சொல்வது தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட, அதன் கீழ் ஒப்பமிட்டுத் திரும்பிய மனிதர்க்கு இக்காட்சி சண்டைக் காட்சியிலும் பெரியது. விதி மீறுதலுக்கு முன்னர் அவர்கள் விரும்பியது, தம் குறையை ஒருவர் செவிமடுத்தலையே. இரண்டாவது காரணம் காலம். நீதிமன்றில் ஆண்டுக்கணக்கில் இழுபடும் காணி வழக்கைக் கண்டவர்க்கு, இரண்டரை மணி நேரத்தில் முடியும் நீதி ஆறுதலளிக்கும். இவ்விரு ஏக்கங்களும் நேர்மையானவை. அவற்றை எள்ளி நகையாடும் விமர்சனம் மக்களிடமிருந்து அந்நியப்பட்ட விமர்சனமாகும்.

ஆயின் ஏக்கம் நேர்மையானது என்பதனால் அதற்குத் திரை தரும் விடை நேர்மையானது என்றாகாது. இவ்விடத்திற் படங்களின் அமைப்பை நுணுகி நோக்குதல் வேண்டும். பெரும்பாலான பொலிஸ் படங்களில் நாயகர் வருமுன்னரோ, வந்த சில காட்சிகளிலோ, குற்றத்தை நாம் நேரிற் காண்கின்றோம். வில்லன் குழந்தையைக் கடத்துவதையும் சாட்சியைக் கொல்வதையும் கமரா நமக்குக் காட்டிவிடுகின்றது. ஆகவே விசாரணை வீண் சடங்காகவும், வழக்கறிஞர் சூதுவாதியாகவும், நீதிபதி கட்டுண்டவராகவும் தோன்றுகின்றனர். நாயகர் சுடும்பொழுது அவர் ஐயத்தின்பேரிற் சுடவில்லை. நாம் கண்ட உண்மையின்பேரிற் சுடுகின்றார். அவரது துப்பாக்கிக்கு நம் கண்களே சான்று. வாழ்க்கையில் எந்தப் பொலிஸ் அதிகாரிக்கும் கிட்டாத இந்த முற்றறிவைக் கமரா அவருக்கு இரவலாக வழங்குகின்றது. விதி மீறும் நாயகரின் கவர்ச்சி இவ்விரவலில் தங்கியுள்ளது என்பதே எமது கருத்து.

இக்கருத்தைச் சோதிக்க நமது இலக்கியத்திலேயே ஒரு கருவி உண்டு. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை, விசாரணையின்றி நிகழ்ந்த காவற் கொலையொன்றின் விரிவான பதிவாகும். ஊடிய தேவியை நாடிச் செல்லும் அரசன், ஆராயாது ஆணையிடுகின்றான். ஊர்காப்பாளர் கோவலனைக் கண்டு, இவன் கள்வனல்லன் எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லனோ, கள்வர் மாயவித்தையில் வல்லவர் என நெடிது பேசி அத்தயக்கத்தைக் கரைக்கின்றான். ஈற்றிற் கள்ளுண்ட கல்லாத ஒருவன் வாளை வீசுகின்றான். ‘சாமி’யில் நிகழ்வதும் மதுரையில் நிகழ்வதும், செயல் அளவில், ஒன்றே: தீர்ப்பின்றிக் கொலை. ஒன்று வெற்றியாகவும் மற்றையது பேரவலமாகவும் தோன்றுவதற்குக் காரணம், கொல்லப்பட்டவன் குற்றமற்றவன் என இளங்கோ நமக்கு முன்னரே காட்டிவிட்டமையே. வாள் ஒன்றுதான், காட்டப்பட்ட காட்சி வேறு.

அக்காப்பியமே இன்னொரு காவலனையும் நினைவுகூர்கின்றது. கீரந்தையின் மனையாள் அரசனது காவலை நம்பியிருந்த வீட்டின் கதவைத் தட்டிய குற்றத்திற்காகத் தன் கையைத் தானே துணித்துக்கொண்ட பொற்கைப் பாண்டியன் அவன். காவலன் எல்லை மீறினால் தண்டனை காவலனுக்கே என்பது நம் பழைய கதைகள் கொண்ட நியாயம். சௌத்ரியிடம் அதன் எச்சம் இருந்தது. அவருக்குப் பின் வந்தோரிடம் எல்லை மீறலே வீரமாயிற்று.

தமிழ்த் திரை இதனை உணராதிருந்தது என்றும் கூறுதற்கில்லை. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலைத் தழுவி வெற்றிமாறன் ஆக்கிய ‘விசாரணை’ (2015), இளங்கோவின் உத்தியையே கையாண்டது எனலாம். குண்டூரிற் பிடிக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குற்றமற்றவர் என்பதை நாம் அறிவோம். ஆகவே அடிக்கும் ஒவ்வோர் அடியும் நம்மீதே விழுகின்றது. தெலுங்கு நீதிமன்றில் அவர்தம் சொல்லை ஒருவர் மொழிபெயர்த்தபின்பே அவர்கள் விடுதலையாகின்றனர் என்ற காட்சி, குடாநாட்டு வாசகர்க்கு விளக்கம் வேண்டாதது. ‘விக்ரம் வேதா’ (2017), தன் மனச்சான்று தெளிந்தது என உறங்கும் பொலிஸ் அதிகாரியை, வேதாளத்தின் வினாக்கள் போன்ற வினாக்களால் அசைத்தது. 2020இற் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் வதைக்கப்பட்டு உயிரிழந்தபொழுது, ‘சாமி’, ‘சிங்கம்’ வரிசைகளின் இயக்குநர் ஹரி, பொலிஸாரைப் போற்றி ஐந்து படங்கள் எடுத்தமைக்காக வருந்துவதாக வெளிப்படையாக அறிவித்தார். ‘வேட்டையன்’ (2024) படத்திலோ அலெக்ஸ் பாண்டியனாக நடித்த அதே ரஜினிகாந்த், குற்றமற்ற இளைஞனைச் சுட்டுக்கொன்று பின்னர் அதனை அறியும் அதிகாரியாக வருகின்றார். அவரைக் கேள்வி கேட்கும் நீதிபதியாக வருபவர், ‘சஞ்சீர்’ படத்தின் இன்ஸ்பெக்டராக நடித்த அமிதாப் பச்சன். அரை நூற்றாண்டின் பின் அப்பாத்திரம் தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கியுள்ளது. எனினும் ‘வேட்டையன்’ அவ்வதிகாரியை நாயகராகவே வைத்திருக்கின்றது. கையைத் துணிக்கும் துணிவு திரைக்கு இன்னும் வரவில்லை.

இவை திரையோடு முடிபவையாயின் இத்துணை விரிவாக எழுதவேண்டியதில்லை. 2015 மே மாதத்திற் புங்குடுதீவு மாணவி ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டபொழுது, குடாநாடு முழுவதும் சினத்தாற் கொதித்தது. மே 20ஆந் திகதி யாழ்ப்பாண நீதிமன்ற வளாகமே தாக்கப்பட்டது. சந்தேகநபரைத் தம்மிடம் தருமாறு கேட்ட குரல்களில் துயரமும் இருந்தது, நாம் பலகாலமாகப் பார்த்துப் பழகிய படங்களும் இருந்தன. 2017 செப்டெம்பர் 27ஆந் திகதி மூன்று தமிழ் நீதிபதிகள் அடங்கிய விசேட நீதிமன்று தீர்ப்பளித்தது. எழுவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு மரண தண்டனை பெற்றனர், இருவர் விடுவிக்கப்பட்டனர். அவ்விருவரை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். 2015இன் சினம் விரும்பியது நிகழ்ந்திருப்பின், அவ்விருவரின் நிலை யாது? கமரா இல்லாத இடத்தில், எழுவரையும் இருவரையும் பிரித்துக் காட்டியது நாம் வெறுத்த அந்தத் தாமதமே.

மறுபுறம், 2016 ஒக்டோபர் 20ஆந் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியிற் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். முதலில் அது விபத்தெனவே கூறப்பட்டது. ‘விக்ரம் வேதா’வின் தொடக்கத்தில், சுடப்பட்டவன் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சோடிக்கும் காட்சி மறு ஆண்டே திரைக்கு வந்தபொழுது, இங்குள்ள மாணவர் அதனைக் கதையாக மட்டும் பார்த்திருத்தல் இயலாது.

இன்னொரு நிகழ்வையும் குறிப்பிட்டு அமைவோம். மேற்குறித்த நீதிபதிகளுள் ஒருவரான மா. இளஞ்செழியனின் மெய்க்காவலராயிருந்த பொலிஸ் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர, 2017 ஜூலை 22ஆந் திகதி நல்லூரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டிற் காயமுற்று உயிரிழந்தார். தமிழ் நீதிபதி சிங்களக் காவலருக்காகக் கண்ணீர் விட்டமையைக் குடாநாடு கண்டது. அக்காவலர் எந்த விதியையும் மீறவில்லை. ஒரு நீதிபதியின் அருகே தன் கடமையில் நின்றார். அவரைப் போன்றோரைப் பற்றி நம் திரை இன்னும் படமெடுக்கவில்லை.

கோவலனை வெட்டியவனின் பெயரைக் காப்பியம் கூறவில்லை. கண்ணகியும் அவனைத் தேடிச் செல்லவில்லை. அவள் அவைக்குச் சென்றாள், வழக்கை உரைத்தாள், சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைச் சான்றாகக் காட்டினாள். பின்னெழுந்த சினம் நகரை எரித்தது என்பதையும் மறைத்தற்கில்லை. ஆயினும் வழக்கே முதலில் உரைக்கப்பட்டது. சான்றே அரசனை வீழ்த்தியது. விதி மீறும் நாயகரைக் கண்டு நாம் கைதட்டியதற்காக வெட்கப்படவேண்டியதில்லை. அக்கைதட்டலில் இருப்பது செவிமடுக்கப்படாத ஒரு மக்களின் முறைப்பாடு. ஆனால் அடுத்த முறை கைதட்டுமுன், கமரா நமக்குக் காட்டாதிருந்தால் யாரைச் சுட்டிருப்போம் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல், கோவலனின் கதையைப் போற்றிவரும் நமது கடனாகும்.