நகையும் காதலும்: பேசாப்படங்கள் இரண்டின் ஒப்பாய்வு

பேசாப்படக் காலத்துக் கலையை ஆராய்வோரிடையே ஒரு கருத்து நிலவி வருகின்றது. நகைச்சுவைப் படம் உடலின் இயக்கத்தால் பேசும். காதற்படம் முகத்தின் குறிப்பால் பேசும் என்பதே அது. நினைவில் எளிதாய் நிற்கும் இக்கூற்றைக் கொண்டு சிறந்த படங்களை அளக்கப் புகின் அளவுகோலே முறிந்து விடுகின்றது. நகைக்கும் காதலுக்கும் உள்ள வேறுபாட்டை வேறிடத்தில் தேடவேண்டும் என்பது நம் துணிபு. இதனை நிறுவ, ஒரே காலத்தில் அமெரிக்காவில் உருவாகிய இரு படங்களை ஈண்டு ஒப்புநோக்குவோம்.

முதலாவது, பஸ்டர் கீட்டனும் கிளைட் புரூக்மனும் இயக்கிய 'தி ஜெனரல்' (1926). அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்பிரலில், வடவர் சிலர் தென்னவரின் புகைவண்டி எஞ்சினைக் கவர்ந்து சென்ற உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது. இரண்டாவது, செருமானியராகிய முர்னவ் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக இயக்கிய 'சன்ரைஸ்' (1927). ஹெர்மன் சூடர்மன் எழுதிய கதை ஒன்றைக் கொண்டு கார்ல் மேயர் இதன் திரைக்கதையை அமைத்தார். காக்கத் தக்க படங்களென அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 1989இல் முதன்முதல் தேர்ந்த 25 படங்களுள் இவ்விரண்டும் அடங்கும்.

முகம் பற்றிய கூற்றை முதலில் ஆராய்வோம். கீட்டன் தம் முகத்தில் நகையையோ அழுகையையோ காட்டாதவர். அவரது நகைப்படத்தில் முகம் பேசாதது வியப்பன்று. ஆனால், 'சன்ரைஸ்' படத்திலும் கணவனாக வரும் ஜார்ஜ் ஓ'பிரியனின் முகம் இன்றியமையாத இடங்களில் நமக்கு மறைக்கப்படுகின்றது. நகரத்து மங்கையைக் காணச் சதுப்பு நிலத்தின் வழியே இரவில் செல்லுங்கால் அவனது குனிந்த முதுகையே பெரிதும் காண்கின்றோம். அவன் நெஞ்சின் சுமையை அம்முதுகும் தளர்ந்த நடையும் உணர்த்துகின்றன. மெய்ப்பாடு என்னும் சொல்லே மெய் முழுவதையும் சுட்டுவது; முகத்தை மட்டும் சுட்டுவதன்று. ஆகவே, உடல் நகைக்கும் முகம் காதலுக்கும் உரியன என்னும் பாகுபாடு இவ்விரு படங்களுக்கும் பொருந்தாது.

இனி ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மாந்தர் அசையாது இருக்கின்றனர். அவர்களைத் தாங்கிய வண்டி நகர்கின்றது.

'தி ஜெனரல்' படத்தில் எஞ்சின் ஓட்டுநன் ஜானி போர்ப்படையில் சேர விழைகின்றான். ஓட்டுநனாக அவன் பயன்படுவதே தென்னவர்க்கு நன்று எனக் கருதிய அலுவலர் அவனை மறுக்கின்றனர்; காரணத்தை அவனுக்குக் கூறவில்லை. அவன் அஞ்சிப் பின்வாங்கினான் எனப் பிழைபட உணர்ந்த அன்னபெல், அவனோடு பேசவும் மறுத்து அகல்கின்றாள். ஜானி தன் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் சோர்ந்து அமர்கின்றான். எஞ்சின் புறப்படுகின்றது. தண்டு அவனை மேலும் கீழுமாகத் தூக்கித் தாழ்த்துகின்றது. கொட்டகைக்குள் எஞ்சின் நுழையும் வேளையிலேயே அவன் அதனை உணர்கின்றான். காட்சியின் பொருள் துயரம்; விளைவு நகை. துயருற்றவனுக்காக எஞ்சின் நிற்கவில்லை என்பதே அந்நகைக்குக் காரணம்.

'சன்ரைஸ்' படத்தில் கணவன் தன் மனைவியைப் படகிலிருந்து ஏரியில் தள்ளிக் கொல்லத் துணிந்து, இறுதி நொடியில் கைவிடுகின்றான். கரை சேர்ந்ததும் அவள் காட்டினூடே ஓடி ஒரு டிராம் வண்டியில் ஏறுகின்றாள். அவனும் பின்தொடர்ந்து ஏறுகின்றான். சாளரங்களுக்கு அப்பால் காடும் ஏரியும் கழிந்து நகரம் நெருங்குகின்றது. அவள் அச்சத்தையும் அவன் நாணத்தையும் எழுத்தால் விளக்க முர்னவ் முயலவில்லை. கொலைக்கு அஞ்சி ஓடியவளும் கொல்ல முயன்றவனும் ஒரு சிறிய வண்டிக்குள் அருகருகே நிற்க நேர்ந்ததே போதிய விளக்கமாகின்றது.

நகைப்படத்தின் உயிரான காட்சி துயரத்தினின்றும், காதற்படத்தின் உயிரான காட்சி அச்சத்தினின்றும் பிறத்தல் கருதத்தக்கது. சுவையைக் கொண்டு மட்டும் இவற்றை வகைப்படுத்த இயலாது. அங்ஙனமாயின் வேறுபாடு யாது? மாந்தரின் மனத்துக்கும் புற உலகுக்கும் உள்ள உறவே அது என்போம்.

கீட்டனின் உலகம் மனத்துக்கு இணங்காதது. ஜானி எஞ்சினுக்காக விறகு வெட்டுவதில் ஆழ்ந்திருக்க, அவன் பின்னே தென்னவர் படை முழுதும் பின்வாங்கிச் செல்கின்றது. வடவர் படை முன்னேறி வருகின்றது. அவன் அறியான் என்பதனால் போர் காத்திருக்கவில்லை. அவனை நோக்கித் தாழ்ந்த பீரங்கி அவனைக் கொல்லாமைக்கும் தண்டவாளம் வளைந்து சென்றதே காரணம். அவன் வேண்டுதல் அன்று. விறகு விறகாகவும் நீர் நீராகவுமே நிற்கும் இவ்வுலகில் வாழ்வோன் அதன் விதியைக் கற்றே வெல்லவேண்டும். ஜானியும் அவ்வாறே வெல்கின்றான்.

முர்னவின் உலகம் மனத்துக்கு இணங்குவது. நகரத்தில் ஒரு தேவாலயத்துத் திருமணத்தைக் கண்டு கணவன் கண்ணீர் சிந்த, மனைவி அவனை மன்னிக்கின்றாள். இருவரும் தம்மை மறந்து தெருவில் நடக்குங்கால் வண்டிகள் நெருங்கிய அத்தெரு மலர்வெளியாக மாறிவிடுகின்றது. பொருள்களும் தம் பொருளை மாற்றிக்கொள்கின்றன. கொலைக்குப்பின் தான் தப்புதற்கென அவன் மறைத்துவைத்த நாணற்கட்டே புயலில் அவளைக் காக்கும் கருவியாகின்றது. மனைவியை மூழ்கடிக்கத் தூண்டும் வினாவின் எழுத்துகளுங்கூடத் திரையில் கீழ்நோக்கி அமிழ்கின்றன. முதலும் கருவும் உரிப்பொருளைத் தாங்கி நிற்கும் அகத்திணை மரபில் பயின்ற நமக்கு இந்நெறி அயலானதன்று.

இவ்விளக்கம் சரியாயின், டிராம் காட்சியின் சிறப்புக்கும் காரணம் புலனாகும். மனத்துக்கு இணங்கும் உலகைப் படைத்த முர்னவ், அங்கு மட்டும் இணங்காத உலகைக் காட்டுகின்றார். தண்டவாளத்தின்மேல் தன் வழியே செல்லும் டிராம் அவர்தம் துயருக்காக நிற்பதில்லை. அக்கடுமையைக் கண்டபின்னரே தெரு மலர்வெளியாவதை நாம் ஏற்கின்றோம். மறுதலையாக, கீட்டன் படத்தின் முடிவில் ஜானி அதே இரும்புத் தண்டில் அன்னபெல்லோடு அமர்ந்திருக்கின்றான். இப்போது அவன் படைத்தலைவருள் ஒருவன். கடந்து செல்லும் வீரர் ஒவ்வொருவர்க்கும் மறுவணக்கம் செய்யவேண்டும். அவன் இடம் மாறி அமர்ந்து, முத்தத்தை விடாமலே கையைப் பொறிபோல ஏற்றி இறக்குகின்றான். உலகம் அவனுக்கு இணங்கவில்லை. அவனே உலகின் விதிக்குள் காதலுக்கு ஓர் இடம் கண்டுகொண்டான்.

இவ்வளவில் நம் ஆராய்ச்சி முடிந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. இரு படங்களும் நம்மிடம் ஒரு கடன் வைத்துள்ளன. 'தி ஜெனரல்' தென்னவர் பக்கம் நின்று கதை சொல்கின்றது. உண்மை நிகழ்ச்சியில் எஞ்சினைக் கவர்ந்த வடவருள் எண்மர் தூக்கிலிடப்பட்டனர். படமோ அதனையும் கூறவில்லை. போருக்கு வேராகிய அடிமை முறையையும் கூறவில்லை. எஞ்சினின் விதியை நூலளவும் பிசகாது காட்டிய கலைஞர், வரலாற்றின் விதியை நெகிழவிட்டார். இணங்காத உலகமே நகைப்படத்தின் அறமாயின், இப்படம் தன் அறத்தினின்றும் வழுவிய இடம் இதுவேயாம்.

'சன்ரைஸ்' தன் குற்றத்தை மறைக்கவில்லை. கொலை நினைவை நம் கண்முன் நிறுத்தியே மன்னிப்பை வேண்டுகின்றது. எனினும், சூடர்மன் கதையில் இறப்பவன் கணவன். படத்தில் கணவனும் மனைவியும் இருவரும் பிழைத்து விடியலைக் காண்கின்றனர். கழுவாய்க்கு உயிரை விலையாகக் கேட்ட கதையை, ஓர் இரவின் கண்ணீரோடு முடித்துவிட்டது படம். அதன் உலகம் மனைவியின் அச்சத்தை மறந்து கணவனின் மனத்துக்கே மிகுதியும் இணங்கியது என்று கூறாமல் இருத்தற்கியலாது. அவ்வச்சத்துக்கு முழு மதிப்பளித்த இடம் டிராம் வண்டி ஒன்றே.

ஆகவே, நகைப்படம், காதற்படம் என்னும் பெயர்கள் பார்ப்போர் சிரிப்பையும் கண்ணீரையும் கொண்டு இட்ட பெயர்களாய் நிற்கும்வரை ஆராய்ச்சிக்குத் துணைசெய்யா. உலகம் மனத்துக்கு இணங்குகின்றதா, இணங்க மறுக்கின்றதா, எவ்விடத்தில் அவ்விதி மாறுகின்றது, அம்மாற்றத்தால் யாருடைய துன்பம் கணக்கினின்றும் விடுபடுகின்றது என்பனவே நாம் கேட்கவேண்டிய வினாக்கள். இரு படங்களும் தம் உயர்நிலையை எய்துவது தத்தம் விதிக்குள் மற்றதன் விதியை ஒருகணம் ஏற்கும் இடத்திலேயாம். எஞ்சின் தண்டின்மேல் அமர்ந்த காதலும் டிராம் வண்டிக்குள் நின்ற அச்சமும் அதற்குச் சான்று.