மடித்தால் தெரிவதும் மறைவதும்

நீண்ட ஆவணத்தை எழுதுகிறவர் கண்ணில் ஒரே நேரத்தில் படுவது ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. முந்நூறு பக்க ஆய்வேட்டில் மூன்றாம் இயல் எங்கே தொடங்கியது, இப்போது எந்த உட்தலைப்புக்குள் நிற்கிறோம் என்பதெல்லாம் மவுஸை உருட்ட உருட்ட நழுவிவிடும். வேர்டு 2013 இதற்கு ஒரு வழி செய்தது. தலைப்பின் இடப்பக்கம் கர்சரைக் கொண்டுபோனால் சிறு முக்கோணம் தோன்றும். சொடுக்கினால் அந்தத் தலைப்பின் கீழுள்ள அத்தனையும் மடங்கிக்கொள்ளும், மறுபடி சொடுக்கினால் விரியும். பெரிய ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிற யாரும் பழகிக்கொள்ள வேண்டிய வசதி இது. ஆனால் எழுத்து வேலையின் ஒரு கட்டத்தில் கைகொடுக்கும் இதே வசதி, இன்னொரு கட்டத்தில் காலை வாரிவிடும். இந்த இரண்டாவது பகுதியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

மடிக்கும் யோசனை வேர்டுக்குப் பிறந்ததல்ல. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோ மாநாட்டு அரங்கில் டக்ளஸ் எங்கல்பார்ட் தன் கணினி அமைப்பைக் காட்டியபோது, கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை வகை வகையாகப் பிரித்து, மடித்து, விரித்துக் காட்டினார். 1983-இல் டேவ் வைனரின் திங்க்டேங்க், ஆப்பிள் 2 கணினிக்கு இதையே ஒரு தனி மென்பொருளாகக் கொண்டுவந்தது. எங்கல்பார்ட்டின் அமைப்பில் எத்தனை அடுக்கு தெரிய வேண்டும் என்பதோடு, ஒவ்வொரு கூற்றிலும் எத்தனை வரி தெரிய வேண்டும் என்றும் தேர்ந்துகொள்ளலாம். இந்த இரண்டாவது வசதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் நன்மை. ஐந்திணை பற்றிய ஆய்வேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து இயல்கள். ஒவ்வொன்றின் கீழும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று உட்தலைப்புகள் என்பது திட்டம். எல்லாவற்றையும் இரண்டாம் அடுக்குவரை மடித்துவிட்டால், ஆய்வேட்டின் எலும்புக்கூடு ஒரே திரையில் வந்து நிற்கும். பாலையின் கீழ் கருப்பொருள் என்ற தலைப்பே இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும். விட்டது வேண்டுமென்றா, மறதியாலா? இந்தக் கேள்வியை விரிந்த பக்கங்கள் எழுப்பவே எழுப்பாது. பாலை பற்றிய நாற்பது பக்கமும் சரளமாகப் படித்துக்கொண்டே போகலாம். ஆய்வு முறை, ஆய்வு அணுகுமுறை என்று ஒரே விஷயத்துக்கு இரண்டு தலைப்பு இருந்தாலும், அடுத்தடுத்த வரியில் வந்து நிற்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். நூலின் கட்டமைப்பைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி வேர்டில் இல்லை.

சிக்கல், மடித்த பகுதியை நகர்த்தும்போது தொடங்குகிறது. தலைப்புகளைப் பட்டியலிடும் நேவிகேஷன் பேனில் ஒரு தலைப்பை இழுத்து வேறிடத்தில் விட்டால், அதன் கீழுள்ள பக்கங்கள் எல்லாம் கூடவே போகும். அடிக்குறிப்பு எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். சுகமான வேலைதான். ஆனால் தமிழ் உரைநடை ‘எனவே’, ‘மேற்கண்டவாறு’, ‘சென்ற இயலில் கண்டதுபோல’ என்று முன்னே சொன்னதைப் பிடித்துக்கொண்டே நடப்பது. நெய்தலைத் தூக்கி முல்லைக்கு முன் வைத்தால், ‘மேற்கண்டவாறு’ என்பது இனிமேல்தான் வரப்போகிற ஒன்றைச் சுட்டும். வேர்டு இதை எச்சரிக்காது. மடித்த நிலையில் நகர்த்துகிறவரோ அந்த வரியைப் பார்ப்பதே இல்லை.

இதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. ஒரு தலைப்பை மடித்தால், அதே அடுக்கிலோ அதற்கு மேற்பட்ட அடுக்கிலோ அடுத்த தலைப்பு வரும்வரை உள்ள எல்லாம் ஒரே மடிப்புக்குள் சேரும். ஓர் உட்தலைப்பு முடிந்துவிட்டது, இனி வருவது இயல் முழுமைக்கும் உரியது என்று சொல்ல வழியே இல்லை. உரிப்பொருளைப் பேசி முடித்தபின், தலைப்பு எதுவும் போடாமல் குறிஞ்சி இயலைத் தொகுத்து ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். வேர்டுக்கு அது உரிப்பொருளின் உடைமை. உரிப்பொருளைக் கருப்பொருளுக்கு முன் கொண்டுபோய் வைத்தால் தொகுப்புப் பத்தியும் இயலின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆவணத்தைத் தலைப்பு அடுக்குகளாகக் காட்டும் அவுட்லைன் வியூவில் மடித்த தலைப்பை அழித்தாலும் இதே கதை: கண்ணுக்குத் தெரிவது ஒரு வரி, போவது அதன் கீழிருந்த அத்தனையும். தொகுப்புரைக்கென்று தனித் தலைப்பு போடுவதுதான் இப்போதைக்குப் பாதுகாப்பு.

மடிப்பு எடையையும் மறைக்கிறது. இரண்டு பத்தி உள்ள முதற்பொருளும் முப்பது பக்கம் உள்ள உரிப்பொருளும் மடித்தபின் ஒரே உயரத்தில் தெரியும். அமைப்பைச் சரிபார்க்க என்று மடித்தவருக்கு அமைப்பின் மிகப் பெரிய கோணல் தெரியாமலே போகிறது. எங்கல்பார்ட் கண்ட ‘எத்தனை வரி’ என்ற தேர்வு இங்கேதான் வேண்டும். வேர்டிலேயே பழைய அவுட்லைன் வியூவில் அதன் ஒரு சாயல் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரியை மட்டும் காட்டு என்று அதில் சொல்லலாம். ஆல்ட், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். பத்திகள் எத்தனை என்பதும், வாதம் எந்த வரியில் திரும்புகிறது என்பதும் தெரிந்துவிடும். முக்கோணத்தின் வசதிக்காக இதை மறந்துவிட்டவர்கள் திரும்பிப் போய்ப் பார்ப்பது நல்லது.

தமிழில் வேலை செய்கிறவர்களில் பலருக்கு இந்த முக்கோணம் தோன்றுவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, போல்டு செய்து, நடுவில் வைத்தால் நமக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது வெறும் பத்தி. ஹெடிங் 1, ஹெடிங் 2 போன்ற ஸ்டைல் கொடுத்தால்தான், அல்லது பத்திக்கு அவுட்லைன் நிலை குறித்தால்தான், மடிப்பு வேலை செய்யும். பாமினி போன்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்தில் இதைச் செய்தால் வேறொரு தொல்லை: ஸ்டைல் தனக்குரிய எழுத்துருவைத் திணிக்கும், தமிழ்த் தலைப்பு ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். ஒருமுறை இப்படி ஆனதைப் பார்த்தவர் ஸ்டைல் பக்கமே போகமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்டைலின் எழுத்துருவையே முதலில் பாமினியாக மாற்றிவிட்டால் இது தீரும். ஆவணத்தை யுனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. 2010-இல் தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பித்தும், பதிப்புத் துறையில் பழைய எழுத்துருக்களின் பிடி இன்னும் விடவில்லை.

கடைசியாக, ஆவணத்தை இன்னொருவர் கையில் கொடுக்கும் கட்டம். வேர்டு இயல்பாக எல்லாவற்றையும் விரித்தே திறக்கிறது. திறக்கும்போதே மடிந்திருக்க வேண்டுமென்றால் பத்தி அமைப்புக்குள் போய்த் தனியாகக் குறிக்க வேண்டும். அந்த இயல்புநிலை சரியானது. கேள்வி பதில் தொகுப்பு, செய்முறைக் கையேடு போல வேண்டிய இடத்தை மட்டும் திறந்து படிக்கிற ஆவணங்களை மடித்துக் கொடுக்கலாம். நெறியாளருக்குப் போகிற இயலை அப்படிக் கொடுக்கக் கூடாது. அவர் திருத்த வேண்டியது வாதத்தின் தொடர்ச்சியை. மடிப்பு அதைத்தான் முதலில் அறுக்கிறது. போன முறை அவர் சொன்னதற்கேற்ப மாணவர் செய்த மாற்றமும் மடிப்புக்குள் இருந்தால் பக்கத்தில் தெரியாது, திறந்து பார்த்தால்தான் உண்டு. அவசரத்தில் இருக்கிற நெறியாளர் எல்லா முக்கோணத்தையும் திறந்துபார்ப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.