வெளுத்ததெல்லாம் வெந்ததா?

2023 டிசம்பரில் போட்ஸ்வானாவில் கூடிய யுனெஸ்கோ குழு, பெரு நாட்டின் செவிச்சேயைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் அந்தப் பச்சை மீன் உணவுக்குப் புகழுரை எழுதாத சமையல் பக்கம் இல்லை. எழுதட்டும். யுனெஸ்கோ போற்றியது ஓர் ஊரும் அதன் மீனவர்களும் சமையல்காரர்களும் கூடிக் காத்துவரும் வழக்கத்தை. வீட்டு அடுக்களையில் அப்படியே செய்தால் ஒன்றும் ஆகாது என்று அது யாருக்கும் சான்றிதழ் தரவில்லை. ஆனால் புகழுரைகள் கடைசியில் போய் நிற்கும் இடம் அதுதான். ஈராயிரம் ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார்களே, என்ன ஆகிவிட்டது? எலுமிச்சைச் சாறே மீனை வேகவைத்துவிடும்போது அடுப்பு எதற்கு?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தாழை இனத்துக் கொர்வினா மீனைச் சதுரமாக நறுக்கி, உப்பும் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, மீனின் சாறும் புளிப்பும் கலந்து பாலாய் வெளுக்கும் அந்த ‘புலிப்பா’லோடு சாப்பிடும் சுவைக்கு நிகர் குறைவு. அங்கே பிழிவது நம் ஊர் நாட்டு எலுமிச்சையின் அதே இனம். சாறு கிருமியைக் கொல்லும் என்பதும் முழுப் பொய்யல்ல. 1991இல் பெருவில் காலரா வெடித்து, அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டபோது, பச்சை மீன் வேண்டாம் என்றார் சுகாதார அமைச்சர் கார்லோஸ் விடால். மீனவர் பிழைப்பு கெடுகிறதே என்று அதிபர் ஃபுஜிமோரி கேமரா முன்னால் பச்சை மீன் தின்று காட்டினார். அமைச்சர் பதவி விலகினார். பிறகு ஆராய்ந்தபோது பெரிய குற்றவாளி குழாய்த் தண்ணீர் என்று தெரிந்தது. காலராக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது, எலுமிச்சைச் சாற்றில் அது மடியும் என்று சோதனைச்சாலைகளும் சொல்லின. ஆகவே அன்று செவிச்சே மேல் விழுந்த பழியில் பாதி அநியாயம். (அதிபர் செய்ததும் அநியாயம்தான், அது வேறு கதை.)

சலுகை இத்தோடு முடிகிறது. அதே சாற்றில் சால்மொனெல்லா கிருமி ஓரளவுதான் குறையும், மிச்சம் தட்டுக்கு வந்துசேரும். அதுகூடக் கை, கத்தி, பலகை இவற்றின் சுத்தத்தோடு போகிற விஷயம் என்று விட்டுவிடலாம். என் நெடுநாள் குறை புழுவைப் பற்றியது.

பத்து நிமிடம் சாற்றில் ஊறிய துண்டு ஒன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி வெள்ளையாய் ஒரு கரை. உள்ளே, போட்டபோது இருந்தது போலவே, கண்ணாடித் தன்மையோடு பச்சை மீன். புளிப்பு புரதத்தைச் சுருட்டுகிறது, தீயும் அதைத்தான் செய்கிறது. அதனால் இரண்டிலும் மீன் வெளுக்கும், இறுகும். ஆனால் அடுப்பில் வேகும் மீனின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொடும்போது அங்கே எந்தப் புழுவும் பிழைப்பதில்லை. சாறு உள்ளே போகப் போக மீன் சதையே அதன் புளிப்பை உறிஞ்சி மட்டுப்படுத்திவிடுகிறது. பழைய பெரு வீடுகளில் புளிப்பு ஆரஞ்சில் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். ஜப்பானிய வம்சாவளிச் சமையல்காரர்களின் கைபட்ட பிறகு அது சில நிமிடமாகக் குறைந்தது. சுவைக்கு அது நல்ல மாற்றம். ஆனால் சாறு வேகவைத்துவிடும் என்ற பேச்சு மட்டும் நிமிடக் கணக்குக்குத் தக்கபடி குறையவில்லை.

சரி, மணிக்கணக்கில் ஊறவைத்தால் தீருமா? தீராது. அனிசாகிஸ் என்னும் உருளைப்புழுவின் இளம்புழு மீனின் சதையிலும் குடலிலும் கடிகாரச் சுருள்வில்லைப் போலச் சுருண்டு கிடக்கும். நிமிர்த்தினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். அது வளர்ந்து முதிர்வது திமிங்கிலம், டால்பின் போன்றவற்றின் இரைப்பையில். இரைப்பை அமிலத்துக்குள் வாழவே பிறந்த உயிரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மிரட்டுகிறோம். அது மனிதனின் இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும்போது வரும் வயிற்றுவலி சில மணி நேரத்தில் ஆளைச் சுருட்டிவிடும். மருத்துவர் உள்நோக்குக் குழாயை விட்டுப் புழுவைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் ஈராயிரம் ஆண்டு வாதம் வருகிறது. சாப்பிட்டவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்? அவர்களையே கேட்போம். பெருக் கடலோரத் தொல்லியல் களங்களில் கிடைத்த, பல ஆயிரம் ஆண்டுப் பழைமையான உலர்ந்த மனித மலத்தில் நாடாப்புழுவின் முட்டைகள் இருக்கின்றன. கடல் சிங்கத்தின் குடலில் முதிரும் புழு அது, பச்சை மீன் வழியாக மனிதனுக்கு வருவது. இன்றும் பெருவில் செவிச்சே தின்பவர்களிடம் காணப்படுகிறது. மரபு தொன்மையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பாதுகாப்பானது என்பதற்கு எதிராகவும் இதைவிட நல்ல சான்று கிடையாது. தாய்லாந்தின் வடகிழக்கில் ஆற்று மீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் தழையும் கலந்து ‘கோய் பிளா’ என்று உண்கிறார்கள். அங்கும் தலைமுறை தலைமுறையாகத்தான். அதில் உள்ள ஈரல் தட்டைப்புழுவை 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. பித்தநாளப் புற்றுநோய் அப்பகுதி மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோகிறது. புழு வேறு, மீன் வேறு. எலுமிச்சை காப்பாற்றும் என்ற நம்பிக்கை மட்டும் ஒன்றே.

செவிச்சே வக்கீல்களின் அடுத்த அரண் ‘புதுமீன்’. காலையில் பிடித்ததைப் பகலில் தின்றுவிடு, மாலைக்கு வைக்காதே என்பது லிமாவின் வழக்கம். அங்கே செவிச்சேக் கடைகள் பல பிற்பகலோடு கதவை மூடுகின்றன. குளிர்பெட்டி இல்லாத காலத்து அறிவு அது, பாக்டீரியாவுக்கு எதிராக இன்றும் செல்லும். புழுவுக்கு எதிராக அதனால் ஒரு பயனும் இல்லை. சற்று முன் துடித்த மீனில் புழுவும் துடிப்போடுதான் இருக்கும். பிடித்த உடனே குடலை எடுத்துவிட்டால் சதைக்குள் நகரும் புழு குறையும், அவ்வளவே. இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார்: “அப்போ உறையவைக்கணுமா? மீன் செத்துப் போகுமே!” மீன் ஏற்கெனவே செத்துவிட்டது என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

ஆம், உறையவைக்கத்தான் வேண்டும். பச்சையாகத் தின்னும் மீனை -20 டிகிரியில் ஏழு நாள், அல்லது -35இல் கட்டியாக உறைந்த பின் பதினைந்து மணி நேரம் வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். ஐரோப்பிய விதி மீனின் நடுப்பகுதிவரை -20இல் ஒரு நாள். பச்சை மீனைப் பித்தாக விரும்புகிறவர்களே இதற்கு இணங்கிவிட்டார்கள். நெதர்லாந்தில் 1968 முதல் இளம் ஹெர்ரிங் மீனை உறையவைத்தே விற்க வேண்டும். டச்சுக்காரர்கள் இன்றும் வாலைப் பிடித்துத் தலையை அண்ணாந்துதான் அதை விழுங்குகிறார்கள். ஸ்பெயினில் வினிகரில் ஊறும் நெத்திலி வகைக்கு 2006இல் அரசாணையே வந்தது. ஜப்பானின் சஷிமிச் சூரையில் பெரும்பங்கு கப்பலிலேயே -60இல் உறைந்தது. சுவை கெட்டுவிட்டது என்று யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும் மீன் கொஞ்சம் நீர் விட்டுத் தளரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தளர்ச்சியைச் சாற்றின் புளிப்பு பத்து நிமிடத்தில் இறுக்கிவிடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஆளை எனக்குத் தெரியாது. இருந்தும், சமையல் குறிப்பில் ‘முந்தின வாரமே உறையவையுங்கள்’ என்ற ஒரு வரியைச் சேர்க்க நம் புகழுரைக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. மிளகாயின் ரகத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறார்கள்.

வஞ்சிரத்திலோ சூரையிலோ செய்யலாமா என்று சென்னையிலிருந்து கேட்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். இந்த வகை மீன்கள் வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலே சதையில் ஹிஸ்டமைன் சேரும். முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடிக்கும். அதை எலுமிச்சையும் நீக்காது, உறைபனியும் நீக்காது, அடுப்பும் நீக்காது. படகிலிருந்து கடைவரை பனிக்கட்டியில் வந்தது என்று உறுதியாகத் தெரியாத மீனை இந்த உணவுக்குத் தொடவே வேண்டாம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் பனிப்பெட்டி -20ஐத் தொடும் என்றும் நம்ப வேண்டாம். உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். மின்வெட்டு வந்த வாரத்தில் ஏழு நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மட்டியையும் சிப்பியையும் வீட்டில் பச்சையாக முயலவே கூடாது. அவற்றில் வரும் மஞ்சள் காமாலை வைரஸ் குளிரில் சாவதில்லை.

இத்தனை தொல்லை எதற்கு என்பவர்களுக்கு ஈக்வடார் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இறாலைக் கொதிநீரில் வேகவைத்து எடுத்து, அதன்பின்தான் எலுமிச்சையிலும் தக்காளியிலும் ஊறவிடுகிறார்கள். அதுவும் செவிச்சேதான். பெருக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.